நாற்பத்தேழாம் நம்பர் வீடு

செருப்பை வெளியிலேயே விட்டுட்டு வாம்மா. அங்கே இல்லை, ஓரமா. அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரி கோலம் இருக்கு பாரு, அதுல பட்டுச்சுன்னா நாள் முழுக்க முணுமுணுப்பா. ஹாங். இப்ப வா. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். எனக்கு அது போதும், ஒருத்திக்கு எவ்வளவு காத்து வேணும்.

கோபமாச் சொல்றேன்னு நினைச்சுக்காதே. எனக்குக் கோபமே வராது. உங்க ஃபைல்லயே முப்பத்தோரு வருஷமா எழுதியிருக்கும், பாரு. 'தாய்: சாந்தமான சுபாவம்.' நாப்பத்தேழு-ஆ. அது நான்தான், சௌந்தரவல்லி. நாப்பத்தேழு-அ, பெத்தவ. நாப்பத்தேழு-ஆ, வளர்த்தவ. நாப்பத்தேழு-இ, எங்க செவ்வந்தி. என் வீட்டுக்காரருக்கு எழுத்தே கிடையாது, அப்பாக்களை உங்க ஆராய்ச்சியில சேர்க்கலை. "நான் இந்த வீட்டுல இருக்கேனா இல்லையா, அதையாவது கேட்டுச் சொல்லு"ன்னு கிண்டல் பண்ணுவார். இப்ப இல்லை. போய் ஒன்பது வருஷமாச்சு.

உன் பேர் என்ன சொன்னே? பெனாசிர். நல்லா இருக்கு. பெனாசிர், நீ வாசல்லேயே ஒண்ணு சொன்னே. "இ வந்துருச்சும்மா, ஆ மட்டும்தான் பாக்கி"ன்னு. நீ ஏதோ வேலை விஷயமாச் சொன்னே. எனக்கு அது அப்படிக் கேக்கலை. அப்ப அவ இருக்கா. கேள்வித்தாள் வந்தா நிரப்பி அனுப்பற அளவுக்கு நல்லா இருக்கா. அவங்க அப்பா காரியம் முடிஞ்ச அன்னைக்குப் பையைத் தூக்கிக்கிட்டுப் போனவ. அதுக்கப்புறம் நம்பர் மாறிருச்சு. போன ரவுண்டு கொரோனா நேரம், எல்லாம் தபால்ல வந்துச்சு. தபால்கிட்ட யாரை விசாரிக்கறது? ஒன்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சேதி, இன்னைக்கு நீ படியில நின்னு சொன்னதுதான்.

முழுத் தாளையும் சொல்லச் சொல்லலை. ஒரே ஒரு கேள்வி. 'தாயுடன் எவ்வளவு நாளுக்கு ஒரு முறை பேசுகிறீர்கள்?' எனக்கு அந்தக் கேள்வி இருக்குன்னா அவளுக்கும் இருக்கும்ல. அதுக்கு அவ என்ன எழுதியிருக்கான்னு மட்டும்.

கூடாதா. சரி, சரி, பயப்படாதே. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் உக்காந்தவ நான். யாரு யாரோட பேசினாங்கன்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் பேச வெச்சேன். இப்ப எங்க வீட்டு ஃபோன் அடிச்சா கேஸ் சிலிண்டர்காரன்தான்.

காபி போடறேன். வேணாம்னு சொல்லாதே, சொன்னாலும் போடத்தான் போறேன். நீ அப்படியே உக்காந்து கேளு. உன் தாளுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். உங்க ஃபைல்ல இருக்கற நாப்பத்தேழாம் நம்பர் வீடு பொய்.

உங்க ஆராய்ச்சியை ஆரம்பிச்ச ஜெபமணி சார் முதல் தடவை வந்தப்போ செவ்வந்திக்கு ரெண்டு வயசு. இதே மேஜை. ரொம்பப் பொறுமையா விளக்கினார். "பெத்தவங்களே வளர்க்கற வீட்டுல பிள்ளைக்கு ஒரு குணம் இருந்தா, அது ரத்தத்துல வந்ததா, வீட்டைப் பாத்து வந்ததான்னு பிரிக்க முடியாதும்மா. ரெண்டையும் குடுக்கறது ஒரே ஆள். பால்லயே சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சின மாதிரி. உங்க வீட்டுலதான் பால் ஒரு இடத்துலேருந்தும் சர்க்கரை இன்னொரு இடத்துலேருந்தும் வந்திருக்கு. உங்களை மாதிரி வீடுங்க இல்லேன்னா இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது"ன்னார். என்ன மரியாதை! என்கிட்ட அதுவரைக்கும் யாரும் அப்படிப் பேசினதில்லை. ஆனா ஒரு வார்த்தை காதுல ஏறலை. நான் அவர் பின்னாடி நின்ன, எங்களுக்குப் பிள்ளையைக் குடுத்த இல்லத்து சிஸ்டரையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ஏன்னு கேளு. பிள்ளையைக் குடுத்தப்புறம் ஒரு வருஷம் சோதனைக் காலம். அந்த சிஸ்டர்தான் மாசாமாசம் வருவாங்க. சமையல்கட்டு டப்பாவைத் திறந்து பாப்பாங்க, தொட்டில் துணியை மோந்து பாப்பாங்க. சரியில்லேன்னா பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கலாம்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. கோர்ட்டுல தீர்ப்பெல்லாம் ஆகி முடிஞ்சு போன விஷயம்தான். ஆனா அதே சிஸ்டர் கையில தாளோட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா நான் என்ன நினைப்பேன்? ஆராய்ச்சின்னுதான் சொல்லிக்கிட்டு வருவாங்க, வேற எப்படி வருவாங்க?

முதல் கேள்வி. "குழந்தை அடிக்கடி கோபப்படுமா?" அன்னைக்குக் காலையிலதான் என் மணிக்கட்டைக் கடிச்சு வெச்சிருந்தா, ரெண்டு பல்லு பதிஞ்சு செவந்து கிடந்துச்சு. நான் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கிட்டு, "கோபமா? தங்கம் சார் எங்க பிள்ளை"ன்னேன். அவர் எழுதிக்கிட்டார். அங்கே ஆரம்பிச்சுது.

சிரிக்காதே. இல்லை, சிரி. அவ சின்னவளா இருந்தவரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க, தேதி கடுதாசியில வந்துரும். வந்த உடனே எனக்கு வேலை ஆரம்பிச்சுரும். 'வீட்டில் புத்தகங்கள் எத்தனை?'ன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? எங்க வீட்டுல பஞ்சாங்கமும் டெலிபோன் டைரக்டரியும்தான். மாடி வீட்டு டீச்சர்கிட்ட நாப்பது புத்தகம் கடன் வாங்கி அலமாரியில அடுக்குவேன். முதுகை எல்லாம் வரிசையாத் திருப்பி வெச்சு, மேல கொஞ்சம் தூசியும் இருக்கட்டும்னு விட்டு வெப்பேன். ரொம்பப் புதுசா இருந்தா சந்தேகம் வரும் பாரு.

அவளுக்கு எட்டு வயசுல ஒரு தடவை என்ன ஆச்சுன்னா, அந்த ஒரு வாரத்துல அவ எல்லாத்தையும் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டா. சாப்பாடு இறங்கலை, தூக்கம் இல்லை. நீங்க வந்துட்டுப் போன மறுநாள் நான் புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டறேன், அவ பாதியில விட்ட ஒண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா. பிடுங்கினேன். பிடுங்கி மூட்டையில வெச்சுட்டுச் சமையல்கட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டியை மூடினேன், கொஞ்சம் சத்தமாத்தான் மூடினேன். பின்னாடியே வந்தா. அந்த மூடியை எடுத்துச் சுவத்துல அடிச்சா பாரு! இன்னும் அந்த இடத்துல காரை பேந்துதான் கிடக்குது, போகும்போது காட்டறேன்.

எங்கேருந்து வந்துச்சோ அந்தக் குணம். நான் மனசு சரியில்லேன்னா மூடியைக் கொஞ்சம் அழுத்தி வெப்பேன், அவ்வளவுதான். ஒரு தடவை டம்ளர் நசுங்குச்சு. அது கோபம் இல்லை, கை தவறினது. இவளுக்கு வந்தது கோபம். "அ-கிட்டேருந்துதான் வந்திருக்கணும், பெத்தவ குணம்"னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். இவர் நசுங்கின டம்ளர்லதான் காபி குடிச்சுக்கிட்டிருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஆமா ஆமா, அ-கிட்டேருந்துதான்"னார். அவரும் ஒத்துக்கிட்டார்.

என்ன பாக்கறே? காபியில சர்க்கரை போதுமா?

அப்புறம் ஒத்திகை. அவகிட்டயும் தனியாக் கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்கல்ல, ஆறு வயசுலேருந்து? என் தாளையும் அவ தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்கன்னு சார் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிட்டார். போதாதா எனக்கு? "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும், தெரிஞ்சுதா"ன்னு உக்கார வெச்சுச் சொல்லிக்குடுப்பேன். 'அம்மா அடிப்பாங்களா?' இல்லை. 'அழுகை வந்தா என்ன பண்ணுவே?' அம்மாகிட்ட போவேன். 'வீட்டுல எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேசுவீங்களா?' பேசுவோம், வாரத்துக்கு ஒரு தடவை. எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில கூட்ஸ் வண்டி கார்டு, வாரத்துல பாதி நாள் லைன்ல கிடப்பார். நான் ஷிப்டு. எங்கே உக்காந்து எங்கே பேசறது? ஆனா அவ அழகாச் சொல்லுவா. நான் சொல்லிக்குடுத்ததோட நிக்கமாட்டா. தானா ஒரு சின்ன விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிட்டு, ஓரக்கண்ணால என்னைப் பாப்பா. எப்படிம்மா, அப்படிங்கற மாதிரி. அடுத்த ரவுண்டுல நானும் அதைச் சேர்த்துச் சொல்லணும், ரெண்டு தாளும் ஒத்துப்போகணும்ல. எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு. உண்மையைச் சொன்னா, நானும் அவளும் உக்காந்து பேசினதுன்னா அந்த ஒத்திகைதான்.

அவளுக்குப் பத்து வயசு ஆனப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்தவங்க இல்லைன்னு. அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா எட்டு வருஷமாத் தங்கம் தங்கம்னுட்டுத் திடீர்னு 'கடிக்கறா, தூக்கி எறியறா'ன்னு சொன்னா என்ன கேப்பாங்க? 'நடுவுல நீ என்ன பண்ணினே'ன்னு கேக்க மாட்டாங்களா? அப்படியே ஓட்டிட்டேன்.

அப்புறம் அந்தச் சின்னப் புத்தகம் வந்துச்சு. உங்க ஆபீஸ்லேருந்து எல்லா வீட்டுக்கும் தமிழ்ல அச்சடிச்சு அனுப்பினாங்க. அதுல ஒரு வரி. 'பெற்ற தாய் எப்படிப்பட்டவராக இருந்தாலும், வளர்ப்புத் தாயின் சாந்தம் பிள்ளைக்கும் வருவதைக் காண்கிறோம்.' நான் பூஜை அலமாரியில வெச்சேன் அதை. என்னைத்தான் எழுதியிருக்காங்கன்னு ஊரெல்லாம் சொல்லணும் போல இருந்துச்சு. சொல்ல முடியுமா? சொன்னா பிள்ளை தத்துன்னு தெரிஞ்சுரும்.

ஆமா. அவளுக்குச் சொல்லலை. ஸ்கூல் மூலமா எல்லாப் பிள்ளைங்களையும் இப்படிக் கேப்பாங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

உங்க ஆபீஸ்ல தப்பு இல்லை. அவளுக்குப் பதினாறு வயசுல ஒரு கடுதாசி, பதினேழுல ஒரு கடுதாசி. 'பதினெட்டு வயது நிரம்பினால் அவரே ஒப்புதல் தர வேண்டும், அதற்குள் உங்கள் முறையில் சொல்லிவிடுங்கள்.' ரெண்டையும் அரிசி டிரம்முக்கு அடியில வெச்சேன். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும். அப்புறம் ஒரு நாள் காலையில உன் வயசுல ஒரு பொண்ணு வந்து, இதோ நீ உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்து, தாளை எடுத்து அவ கையிலயே குடுத்துருச்சு. தலைப்பு பெரிய எழுத்துல. 'தத்தெடுக்கப்பட்டோர் நீண்டகால ஆய்வு. பங்கேற்பாளர் ஒப்புதல்.'

ரெண்டு தடவை படிச்சா. கத்தலை. எதையும் எறியலை. அந்தப் பொண்ணுகிட்டதான் கேட்டா. "இ-ன்னா நானா? அப்ப அ யாரு?" அந்தப் பொண்ணு என்னைப் பாக்குது. நான் சுவத்தைப் பாக்கறேன்.

கையெழுத்துப் போட்டா. கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நாப்பது நிமிஷம். நான் வெளியில நின்னேன். முதல் தடவையா நான் சொல்லிக்குடுக்காம அவ பதில் எழுதறா. என்ன எழுதினாளோ, ஒட்டின கவர்ல போட்டுக் குடுத்துட்டா. அந்தப் பொண்ணு போனப்புறம் என்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "ஆறு தடவை எனக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தேம்மா. எதுக்குன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

பாத்தியா? தத்துன்னு தெரிஞ்ச உடனே ஒட்டாமப் போயிட்டா. ரத்தம் ரத்தம்தான்.

என்னம்மா, தலையை ஆட்டறே? நீ படிச்ச பொண்ணு, உனக்கு வேற தோணலாம். எனக்கு இப்படித்தான் தோணுது. அப்புறம் காலேஜ், அப்புறம் பூனாவில வேலை. ஃபோன் பண்ணினா "ம்"ம்பா, "சாப்பிட்டேன்"ம்பா. நான் எதுக்குன்னு சொல்லலை. எப்படிச் சொல்றது? 'உன்னை எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயந்தேன்'னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷம் எனக்கு வரவே இல்லை. அப்புறம் இவர் போனார், அவ வந்தா, போனா.

ஜெபமணி சார் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா பாக்க வந்தார். தாள் எதுவும் இல்லாம. அவர் அன்னைக்கு ரொம்ப ஓய்ஞ்சு போயிருந்தார். "நூத்து நாப்பது வீட்டுல ஆரம்பிச்சேன்மா, இப்ப அறுபத்தொண்ணு நிக்குது"ன்னார். சண்டை நடந்த வீடெல்லாம் கதவைச் சாத்திக்கிச்சாம். அவரா ஆராய்ச்சியில இருக்கற ஒவ்வொரு ஓட்டையாச் சொல்லிக்கிட்டே போனார். இல்லத்துல நல்ல வேலை, நல்ல வீடுன்னு பாத்துத்தான் பிள்ளையைக் குடுத்தாங்க, குடிகாரன் வீடு ஒண்ணுகூட லிஸ்டுல இல்லை, அப்புறம் எந்த வீட்டுல வளர்ந்தாலும் பிள்ளை நல்லா வளருதுன்னு நான் எப்படிச் சொல்றதுன்னார். படிச்சவ பெத்த பிள்ளையைப் படிச்ச வீடாப் பாத்துக் குடுத்துருக்காங்க, அப்ப படிப்பு எங்கேருந்து வந்துச்சுன்னார். வயித்துல ஒன்பது மாசம், இல்லத்துத் தொட்டில்ல ஏழு மாசம், அது ரத்தமும் இல்லை உங்க வீடும் இல்லை, அதை எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னார். எனக்கு அது மட்டும் நல்லாப் புரிஞ்சுது. செவ்வந்தி வந்த புதுசுல தட்டு கீழ விழுந்தா உடம்பெல்லாம் விறைச்சுப்போயிரும் அவளுக்கு. அது எங்க வீட்டுல கத்துக்கிட்டது இல்லை.

கடைசியில சொன்னார். "இதை எல்லாம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணிக்கலாம்மா. நீங்க எல்லாம் சொன்னது உண்மையா இருக்கறதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்." அப்படியே என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் வாழ்நாள் முழுக்க அதுலதான் போச்சு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் காபி ஊத்தினேன்.

அவர் இல்லையாமே இப்ப. கேள்விப்பட்டேன்.

அதனால நீ எழுதிக்கோ பெனாசிர். பழைய தாளைத் திருத்த முடியாதுன்னா பின்னாடி ஒரு குறிப்பு போடு. ரெண்டு வயசு: கடிப்பா. நாலு வயசு: தரையில உருண்டு அழுவா. எட்டு வயசு: மூடியை எறிஞ்சா, புத்தகத்துக்காக. பன்னெண்டு வயசு: ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை. சிரிச்சா தெருவே திரும்பிப் பாக்கும், அதையும் போடு, அதையும் நான் அடக்கித்தான் வெச்சேன், 'அமைதியான குழந்தை'ன்னு வரணும்னு. புத்தகம்: ஒண்ணுகூட இல்லை. போட்டுட்டியா? அவ எப்படிப்பட்ட பிள்ளைன்னு இந்த உலகத்துல ஒரு தாள்லயாவது சரியா இருக்கட்டும்.

தாய்க்கு நேரா என்ன போடறே? சாந்தம்தான், அதுல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லைம்மா. ரொம்பத் தனியா இருக்கேன். காலையில வாயைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் குரல் கரகரன்னு இருக்கும், பேசிப் பழக்கமே விட்டுப்போச்சு. இன்னைக்கு உன்கிட்ட பேசினதுதான் இந்த மாசத்துக்கு.

சரி, உன் நேரத்தை எடுத்துக்கிட்டேன். தாளை எடு, கேளு. வயசு அறுபத்தொன்பது. தனியா. பிரஷர் மாத்திரை ஒண்ணு. எல்லாம் உண்மை, ஒண்ணுகூடப் பொய் இல்லை. ம், அடுத்தது?

'தத்துப் பிள்ளையுடன் எவ்வளவு நாளுக்கு ஒரு முறை பேசுகிறீர்கள்?'

வாரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதிக்கோ.

முறைக்காதே. இப்பதான் இவ்வளவு சொன்னாளே, அதுக்குள்ள இப்படியான்னு பாக்கறே. தெரியும். ஆனா 'பேசறதே இல்லை'ன்னு எழுதி அதை உங்க ஆபீஸ்ல யாராவது படிச்சு, பாவம் வளர்ப்புத் தாயை விட்டுட்டுப் போயிட்டா பாரு, தத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்னு ஒரு வரி அச்சடிச்சுட்டா? அவளைப் பத்தி அப்படி ஒரு வரி வரவே கூடாது. தப்பு பண்ணினது அவ இல்லை. வாரத்துக்கு ஒரு தடவைன்னு போடு. அவ தாள்ல வேற மாதிரி இருந்தா, கிழவிக்கு ஞாபக மறதின்னு போட்டுக்கோ.

என்ன கேட்டே? காதுல விழலை, இன்னொரு தடவை சொல்லு.

'ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கா'ன்னா கேட்டே?

பெனாசிர். நான் கிழமை சொல்லலையே. மணி சொல்லலையே. அவ தாளைப் பாத்தவளுக்குத்தான் அது தெரியும்.

வாயைப் பொத்திக்காதேம்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது. நீ எனக்கு எதுவும் சொல்லலை, நான் எதுவும் கேக்கலை.

எட்டு வயசுல அவளாச் சேர்த்தது அது. நான் சொல்லிக்குடுத்தது வாரத்துக்கு ஒரு தடவைங்கறது மட்டும்தான். அவ சார்கிட்ட போய் உக்காந்து, காலை ஆட்டிக்கிட்டே, "ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, அப்பா அம்மா நான் மூணு பேரும் பேசுவோம்"னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா.

எழுதிக்கோம்மா. ஆமா. ஞாயித்துக்கிழமை, ஆறு மணிக்கு. ஒரு வாரம்கூடத் தவறினதில்லை.